தேக்சாவுக்கு வட்டி

பகல் கனவு காண்கிறவனுக்கு வீடு சுவா சூ காங்கிலும் வேலை சாங்கியிலும் அமையக் கூடாது. எனக்கு அப்படித்தான் அமைந்தது. தீவின் மேற்கு மூலையில் ரயில் ஏறி, கிழக்கு மூலையில் இருக்கும் விமானச் சரக்குக் கிடங்குக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், கைப்பேசியில் நாடகம் பார்ப்பார்கள். நான் பணக்காரன் ஆவேன். ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் வேலையை விட்டிருப்பேன். நகரத்தைத் தாண்டும்போது கடலைப் பார்த்த வீட்டின் பால்கனியில் உட்கார்ந்திருப்பேன். விமானங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல இறங்கும். என் மனைவி அமலா டீ கொண்டுவந்து வைப்பாள். (கனவில்கூட டீ போடுவது அவள்தான். அதனால்தான் அந்தப் பால்கனி எனக்குக் கிடைக்கவில்லை என்பது அவள் கட்சி.)

அந்தப் பால்கனிக்குப் படிக்கட்டாக ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுக் கம்பெனி. வேறு எந்த வங்கியும் வாசலில் சேர்க்காத ஆட்களாகப் பார்த்து, கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் தொழில். சப்-பிரைம் என்பார்கள். அதன் பங்கு விலை பாதாளத்தில் கிடந்தது. எனக்கு அது பாதாளமாகத் தெரியவில்லை, கிணற்றின் ஆழத்தில் கிடக்கும் தண்ணீராகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்ததும் நாங்கள் சிலர் தேக்கா பக்கம் ஒரு காப்பிக் கடையில் கூடுவோம். முதல் காப்பிக்குப் பிரசங்கம், இரண்டாவது காப்பிக்குப் பங்குச் சந்தை. என் மனைவியின் அண்ணன் எட்வின் வருவார். வங்கியில் கடன் பிரிவில் வேலை, சிரிப்பதற்கே ஜாமீன் கேட்கிற ஆள். பிலோமினா அக்கா வருவார். இங்கேயே பிறந்து வளர்ந்த, இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"ஆயிரம் பேருக்குக் கடன் குடுக்கிறான் மச்சான். நூறு பேர் கட்டாம ஓடினாலும் மீதிப் பேர் கட்டுற வட்டியே அத ஈடுகட்டிடும்" என்று ஆரம்பித்தேன்.

"அந்த நூறு பேர் மட்டும்தான் ஓடுவாங்கன்னு யார் சொன்னா மாப்ள? வேலை போச்சுன்னா எல்லாருக்கும் சேர்ந்துதான் போகும். எல்லாரும் ஒரே மாசத்துல கட்டலன்னா?"

"அதனாலதானே விலை இவ்ளோ கீழ இருக்கு!"

"இன்னும் கீழ போறதுக்கு இடமில்லன்னு யாராவது பலகை வெச்சிருக்காங்களா?"

அக்கா ஸ்பூனால் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க லா. இவ்ளோ நம்பிக்கை இருக்கே, நீ அந்த மாதிரி ஆளுக்குக் கடன் குடுப்பியா?"

"தாராளமா" என்றேன்.

"அப்போ சவரிக்குக் குடு."

சவரிமுத்து எங்கள் ஊர்ப்பக்கத்துத் தம்பி. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை, பிடோக்கில் தனியாக ஜாகை. கல்யாணம் ஆகாத பையன் பட்டினி கிடக்கக் கூடாதென்று கோயில் பெண்கள் அவனுக்கு டப்பாவிலும் குக்கரிலும் குழம்பும் சோறும் கொடுத்தனுப்புவார்கள். போன பாத்திரம் எதுவும் திரும்பி வந்ததில்லை. கேட்டால், "அடுத்த வாரம் அக்கா" என்பான். கொஞ்ச நாளாகப் பூசை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவவும் ஆரம்பித்திருந்தான். சப்-பிரைம் என்றால் அவனை விட்டால் ஆளில்லை.

"பாத்திரமே குடுக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள்ள திருப்பித் தருவான். வட்டிக்கு எங்க போறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"பாத்திரத்த யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. ஏதாவது போட்டுத்தான் தருவாங்க. அதுதான் வட்டி" என்றார் அக்கா.

பாத்திரம் வட்டியோடு வந்தால் அந்தப் பங்கை வாங்குவது, வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவானது. வாங்கப் போகிற பணம் எங்கள் வீட்டுச் சேமிப்பு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சமைத்து விற்கும் தொழில் தொடங்க அமலா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. முதலில் அதை இரண்டு மடங்காக்கித் தருகிறேன் என்று நான் அவளை அரித்துக்கொண்டிருந்தேன். "ஜெனியோட புதுநன்மை விருந்து முடியட்டும்ங்க. கோயில் ஆளுங்க எல்லாம் என் பிரியாணியச் சாப்பிடட்டும். அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தாள். எங்கள் மகள் ஜெனி முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள்தான். அந்த ஒரு சாப்பாட்டில்தான் அவள் தொழிலே நின்றுகொண்டிருந்தது.

இப்போது நான் எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சிறிய டப்பாவைக் கொடுத்தால் சோதனைக்கு மரியாதை இல்லை என்று தோன்றியது. போர்க்கால ஒதுங்கிடம் என்று கட்டி, சாமான் அறையாகிவிட்ட வீட்டு ஷெல்டரில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே கம்பீரமாக இருந்த அவளுடைய பிரியாணி தேக்சாவைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மடியில் தேக்சா. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடிகள் வெயிலில் நனைந்து பின்னால் போயின. கனவில் பால்கனிக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் முளைத்தது. அதில் ஒரு இலை மிதந்தது. அந்த இலையைப் பார்த்துக்கொண்டே பிடோக்கைக் கோட்டைவிட்டு, கடைசி நிலையமான பாசிர் ரிஸ்ஸில் ரயில் காலியான பிறகுதான் கண் விழித்தேன்.

கதவைத் திறந்த சவரி மிரண்டுபோனான். "எனக்கு எதுக்குண்ணே இவ்ளோ பெருசு? எனக்கு முட்டைகூட ஒழுங்கா வேகவைக்கத் தெரியாதே!"

"இருக்கட்டும் தம்பி, எதுக்காவது உதவும். சனிக்கிழமைக்குள்ள தந்தாப் போதும்."

வேண்டாம் என்கிறவன் தலையில் கடனைக் கட்டிவிட்டு, முகவர் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை வரை தேக்சா வரவில்லை. "நாளைக்குக் காலைல கண்டிப்பாண்ணே" என்று செய்தி மட்டும் வந்தது. அதைப் படித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிறு விடிந்ததும் அமலா ஷெல்டரைத் திறந்தாள். பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும்.

"என்னங்க, தேக்சா எங்க?"

"சவரிகிட்ட இருக்கு."

"அந்தத் தம்பிகிட்டயா? யாரு குடுத்தா?"

"நான்தான். ஒரு ஆராய்ச்சிக்காக..."

ஊறவைத்த கறியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புதுசாக ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "பழகாத பாத்திரத்துல இன்னிக்குன்னு பார்த்து அடிப்பிடிக்கவா?" என்றாள். வெங்காயம் உரிக்க வந்திருந்த எட்வின் மச்சான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இருவரும் டாக்சி பிடித்தோம். அன்றைக்கு வழியெல்லாம் எனக்கு ஒரு கனவும் வரவில்லை.

சவரி வீட்டு மாடியில் மின்தூக்கி திறந்ததுமே கருகிய நெய் வாசனை. அடுக்களையில் தேக்சா இருந்தது. அதற்குள் அல்வா இருந்தது. அல்வாவுக்குள் ஒரு கரண்டி, யாரும் பிடிக்காமலே நட்டுக்குத்தலாக நின்றது.

"அல்வா குடுப்பான்னு நினைச்சேன், நிஜமாவே குடுத்துட்டான்" என்றார் மச்சான்.

சவரிக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "வெறும் பாத்திரமா எப்படிண்ணே குடுக்கிறது? நேத்திலேருந்து கிண்டுறேன். இறங்கவே மாட்டேங்குது."

அவனுக்குப் பின்னால் ஒரு அலமாரி. அதில் எங்கள் கோயில் முழுக்க இருந்தது. குக்கர்கள், அலுமினியச் சட்டிகள், தூக்குகள், எல்லாம் பளபளவென்று தேய்த்து, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் ஒட்டியிருந்தது.

"ஏன்டா தம்பி திருப்பிக் குடுக்கல?"

"ஏதாவது போட்டுக் குடுக்கணும்லண்ணே? எனக்குச் சமைக்க வராது. கடையில வாங்கிப் போட்டா மரியாதையா இருக்காது. நாளாக நாளாக, இவ்ளோ நாள் கழிச்சுக் குடுக்கிறோமே, இன்னும் பெருசா ஏதாவது போடணுமேன்னு தோணும். அப்புறம் அவங்க முகத்தப் பார்க்கவே பயமாப் போச்சு."

"கூட்டு வட்டி" என்றார் மச்சான் மெதுவாக. அவர் குரலில் முதன்முறையாக ஈரத்தைக் கேட்டேன். இந்தப் பையனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்து நாங்கள் காப்பி குடித்திருக்கிறோம்.

அலமாரியையே காலி செய்து, அல்வா தேக்சாவையும் சவரியையும் சேர்த்து டாக்சியில் ஏற்றினோம். வீட்டு வாசலில் அமலா அல்வாவை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பாத்திரக் கும்பலை ஒரு பார்வை பார்த்தாள். ஒவ்வொரு சட்டியாகக் கையில் எடுத்து அடியைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் பல வருஷம் அடுப்பில் பழகிய பாத்திரங்கள். "கொண்டாங்க" என்றாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா தன் அடுப்பையும் கொடுத்தார். அந்தக் காலையில் எங்கள் நடைபாதை முழுக்கச் சட்டி சட்டியாகப் பிரியாணி தம்மில் கிடந்தது.

பூசை முடிந்து, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பிலோமினா அக்கா தட்டோடு நின்றுவிட்டார்.

"ஏய், இது என் குக்கர் லா!"

அடுத்தடுத்து ஒவ்வொரு அக்காவும் தன் பாத்திரத்தைக் கண்டுபிடித்தார். சவரி தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். அமலா அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள். "தம்பி எல்லாருக்கும் திருப்பித் தர்றாரு, அக்கா. வெறுமனே இல்ல. சாப்பிட்டு மிச்சத்த உங்க பாத்திரத்துலயே எடுத்துட்டுப் போங்க" என்றாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, "இனிமே எங்க வீட்டுக்கு வெறும் பாத்திரமாவே கொண்டா தம்பி. அது போதும்" என்றாள். பையன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டான்.

அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். "எப்படி இந்த யோசனை வந்தது?" என்று பூசை வைத்த சாமியார் கேட்டுவிட்டார். ஜெனிக்கு வாழ்த்துச் சொல்ல வைத்திருந்த மைக்கை எட்வின் மச்சான் எடுத்தார். வெளிநாட்டுக் கம்பெனி, பங்கு, ஆயிரம் பேர், நூறு பேர், நான் வலியப் போய் தேக்சாவைத் தள்ளிவிட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மச்சான் வாய்விட்டுச் சிரித்ததை எங்கள் கோயில் மக்கள் அன்றுதான் பார்த்தார்கள். நான் தயிர்ப் பச்சடியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

பிரியாணி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே அமலாவுக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. சேமிப்பு அவள் அடுப்புக்குப் போனது. அந்தக் கம்பெனிப் பங்கு என்ன ஆனது என்று நான் அப்புறம் பார்க்கவே இல்லை. (பொய். ரயிலில் தினமும் பார்த்தேன். கொஞ்சம் ஏறியது, நிறைய இறங்கியது.)

தேக்சா மூன்று நாள் ஊறி, ஒரு வழியாக மீண்டது. என்ன ஆனதோ, அன்றிலிருந்து அதில் எதைச் சமைத்தாலும் அடியில் லேசாகப் பிடிக்கும். பிடித்ததைச் சுரண்டி எனக்கென்று தனிக் கிண்ணத்தில் வைப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. போன மாதம் விருந்துக்கு வந்த ஒருவர் தெரியாமல் அந்தக் கிண்ணத்தில் கைவைத்தார். ஜெனி பதறிப்போய் ஓடிவந்தாள்.

"அங்கிள், அத எடுக்காதீங்க லா! அது அப்பாவோட டிவிடெண்ட்!"