உயிரோடிருக்கும் புஸ்பம் அக்காவின் சுவர்

சித்தாண்டி,
செவ்வாய்க்கிழமை.

கனடாவில் பனிக்கு நடுவே, முருகன் துணையால், உயிருடனும் உடல் நலத்துடனும் இருக்கும் என் மூத்த சகோதரி திருமதி புஸ்பம் அவர்களுக்கு, தம்பி இராசதுரை பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், மனைவி வதனி, பிள்ளை, பசுமாடு ஆகிய நால்வரும் நலம். அங்கு நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அவ்வாறே என்று நம்புகிறேன். சாதாரணமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதுவேன். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியில் எடுத்து, "ஆரடா என்னைச் சாகடிச்சது?" என்று கேட்டபோது, நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டதாக வதனி சொன்னாள். அது பொய். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பேசத் தைரியம் வரவில்லை. கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன்.

முதலில் கடிதத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான், நோக்கம் இல்லாமல் ஒரு மண்வெட்டியைக்கூட வெளியே விட்டதில்லை. நோக்கம் இதுதான்: என் மகள் விதுர்ஷா இந்தச் சித்திரப் படிப்பை விட்டுவிட்டு அரசாங்கக் கந்தோர் வேலைக்கு முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எழுத வேண்டும். விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து, பெயரையும் பிறந்த திகதியையும் நானே நிரப்பி வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் சொன்னால் சிரிக்கிறாள். வதனி சொல்லவே மாட்டாள். மாமி நீங்கள் சொன்னால் கேட்பாள். ஆகவே நீங்கள் அவளுக்குத் தொலைபேசியில் எடுத்து, கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். நாலு வருடமாக நாங்கள் படும் பாட்டைக் கேளுங்கள். படிப்பு என்றால் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பது என்று நான் நினைத்திருந்தேன். இவர்களுக்குப் படிப்பு என்றால் ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி பார்ப்பது, பார்த்துவிட்டு வந்து வீட்டில் உள்ளதையெல்லாம் கண்காட்சியாக வைப்பது. கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே யாரோ கிழிந்த சாக்குகளைத் தைத்துச் சுவரில் மாட்டியிருந்தாராம். இவள் வந்த மறுநாள் நம் நெல் மூட்டைகள் எட்டும் வெறும் சாக்காகக் கொடியில் தொங்கின, நெல் விறாந்தையில் கிடந்தது, கோழிகளுக்குத் திருவிழா. பிறகு யாழ்ப்பாணம் போனாள். அங்கே என்னத்தைக் கண்டாளோ தெரியாது, என் செருப்பை வாசலில் ஒரே இடத்தில் வைத்து நாற்பது நாள் தினம் ஒரு படம் பிடித்தாள். அந்த நாற்பது நாளும் நான் வதனியின் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வயல் வட்டைக்குப் போனேன். வயல்காரர் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம். மாங்கேணிக் கடற்கரையில் பழைய மீன்வலைகளில் செய்த சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்த கிழமை, இரவில் நாங்கள் கட்டிப் படுக்கும் நுளம்பு வலை வாவிக்கரைக் கண்டல் மரத்தில் ஏறியது. வந்து பார்த்தவர்கள் அதை "நினைவின் உருவம்" என்றார்களாம். அன்றிலிருந்து நுளம்புகளும் எங்களை நன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன.

"இது உங்கட அக்காட ரத்தம், என்னட்டக் கேளாதீங்க" என்கிறாள் வதனி. அது உண்மை. எழுபத்துமூன்றாம் ஆண்டு அப்பா நம் இருவரையும் மட்டக்களப்பு டவுனில் விவசாயக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா வந்தது பூசணிக்காய் பார்க்க. உங்களுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. மண்டபத்தின் ஒரு மூலையில், யாரோ ஒரு ஆசிரியர் வாவியை வரைந்து மாட்டியிருந்தார். நீங்கள் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றவர்தான். அப்பா பரிசு வாங்கிய பூசணிக்காயை மூன்று தரம் சுற்றிவந்தார், நீங்கள் அசையவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை இரண்டு மணித்தியாலம் வாவிக்கரையில் இருந்தோம். அப்பா ஏசவில்லை. கச்சான் வாங்கித் தந்தார். தண்ணீரில் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, தான் சின்ன வயதில் இந்த வாவியில் நீந்திய கதையைச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா அவ்வளவு நேரம் நம்மோடு பேசியதில்லை. நான் பாதிக் கதையில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டேன். அந்தக் கதையின் மீதியை நான் இன்னும் கேட்கவில்லை அக்கா, உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து உங்கள் அறைச் சுவரில், அடுப்புக் கரியாலும் மஞ்சளாலும் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தாலும் அந்த மாலையை வரைந்தீர்கள். இடது பக்கம் அப்பா, நடுவில் நீங்கள், வலது பக்கம் நான், பின்னால் வாவி. என்னை மட்டும் வாய் திறந்தபடி, மூக்குச் சளியோடு வரைந்தீர்கள். நான்கு வருடம் அந்தப் படம் சுவரில் இருந்தது. பிறகு உங்களைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, உங்களைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா சுண்ணாம்பு அடித்தார். நீங்கள் திரும்பி வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் தைப்பொங்கலுக்குக்கூட ஒரு கோலம் போட்டு நான் பார்க்கவில்லை.

இந்தக் கதையை வதனி பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள். இறுதி வருடக் கண்காட்சியை விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்றார்களாம், இவள் உங்கள் அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கலியாணமாகி நீங்கள் போன பிறகு அது நெல் அறை. சூறாவளி கூரையைக் கொண்டுபோனது, சுவரை விட்டுவிட்டது. அன்றைக்கு அடித்த சுண்ணாம்புக்கு மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. வருகிற சனம் ஆளுக்கொரு சிரட்டைத் துண்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும், படம் வெளியே வரும், அதுதான் கண்காட்சி. என்னிடம், "மாமிட பேரில ஒரு கண்காட்சி வைக்கிறன் அப்பா" என்று மட்டும்தான் சொன்னாள், நாளும் இடமும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள், பிறகு காட்டலாம் என்று.

இனித்தான் நீங்கள் இறந்த விபரம். பிள்ளை உங்கள் பள்ளிக்கூடக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஏறாவூரில் பேனர் அடிக்கும் ஷிஹானுக்கு அனுப்பி, "புஸ்பம், சித்தாண்டி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எமது இல்லத்தில். கண்காட்சி" என்று எழுதியிருக்கிறாள். ஷிஹான் நல்ல பொடியன், மரியாதை தெரிந்தவன். பழைய படம், பெயர், நேரம், எமது இல்லம் எல்லாவற்றையும் கண்டு, விசயம் விளங்கியவனாக, மூலையில் ஒரு குத்துவிளக்கும் சுற்றிவர வெள்ளைப் பூவும் வைத்துக் கொடுத்திருக்கிறான். 'கண்காட்சி' என்ற சொல் பூவுக்குள் போய்விட்டது. பேனர் சந்தியில் ஏறியது. வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று இவள் சந்தியிலிருந்து நம் படலை வரை ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டியிருக்கிறாள். வெள்ளைத் துணி கட்டிய ஒழுங்கை செத்த வீட்டுக்குத்தான் போகும் என்பது நம் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். நாலு வருடம் சித்திரம் படித்தவளுக்குத்தான் அது தெரியவில்லை.

நான் அன்று பேனர் ஏறுவதற்கு முன்பே, விடியவே, என் ஓய்வூதியப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக்காக உன்னிச்சையில் என் பழைய மேலதிகாரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து மணி பஸ்ஸில் சந்தியில் இறங்கினேன். பேனரைக் கண்டேன். அக்கா, இதில் பகிடி இல்லை. மதகில் இருந்துவிட்டேன். அறுபத்தொரு வயதில் சந்தியில் வைத்து அழுதேன். உங்களோடு போன கிழமை பேசியபோது விலைவாசியைப் பற்றித்தான் பேசினேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாற்பத்தெட்டு வருடமாக வைத்துக்கொண்டிருந்தேன், இனி அது சொல்லாமலே போகப்போகிறது என்று நினைத்தேன்.

வீட்டில் வாசல் நிறையச் செருப்பு. மேசையில் சனம் கொண்டுவந்த சீனியும் தேயிலையும். அப்பாவுக்குத் துணி விற்ற புடவைக்கடை அப்துல் மஜீத் காக்கா படலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பேனரக் கண்டன், கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. நேரா வந்திட்டன்" என்றார். உங்களோடு படித்த இராசாத்தி அக்கா உள்ளே ஒப்பாரி. நீங்கள் அவவின் பாவாடையில் மை ஊற்றியதுகூட அதில் வந்தது, மிக அழகாக வந்தது. சனம் ஒவ்வொருவராக அறைக்குள் போய், தலை குனிந்து, சிரட்டையால் சுவரைச் சுரண்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. உடல் கனடாவில் இருப்பதால் இங்கே சுவரில் செய்கிறார்கள், அங்கே உள்ள முறை போலும் என்று ஆளுக்கு ஆள் விளக்கம். ஒருவர் தெற்கே பார்த்துச் சுரண்ட வேண்டுமா என்று என்னிடமே கேட்டார். பிள்ளையின் விரிவுரையாளர் ஒரு மூலையில் நின்று, இப்படி உணர்ச்சியோடு பங்கெடுக்கும் பார்வையாளர்களைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லை என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கோ தலைகால் தெரியாத சந்தோசம்.

"கூடப் பிறந்தவர் வாறார், வழி விடுங்கோ" என்று என்னையும் சுவருக்கு முன்னால் கொண்டுபோய்ச் சிரட்டையைக் கையில் தந்தார்கள். நானும் சுரண்டினேன். முதலில் கொஞ்சம் கரி. பிறகு ஒரு வாய், திறந்தபடி. அதற்கு மேல் மூக்கு, சளியோடு. நான் விம்மிவிட்டேன்.

"அப்பா, இது நீங்களா?" என்றாள் பிள்ளை. "ஏன் அழுறீங்க?"

"அக்கா போயிட்டாவே மகள்."

"எங்க போனவ? மாமி விடியத்தான் வட்ஸ்அப்பில முருகன் படம் அனுப்பினவ."

இராசாத்தி அக்கா ஒப்பாரியை நடுவில் நிறுத்தி, மூக்கைத் துடைத்தா. "என்னகா இது? அப்ப நான் காலையில இருந்து அழுதது ஆருக்கு?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த வதனியைக் கேட்டா. வதனி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். சீனிக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை.

பிறகு ஒருவரும் போகவில்லை அக்கா. அழுத சனம் சிரித்துக்கொண்டு இருந்து சுரண்டியது. அப்பா வந்தார், வாவி வந்தது. நீலம் கொஞ்சம் கரைந்திருக்கிறது, ஆனால் அந்த வெயில் அப்படியே இருக்கிறது. மஜீத் காக்கா அப்பாவின் முகத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அப்பா அடித்தது இடது பக்கம் மட்டும். நடுவும் வலதும் நான் அடித்தேன். அப்பா கேட்கவில்லை, நானே அவர் கையிலிருந்த தும்புக்கட்டையை வாங்கினேன். என் மூக்கை மறைத்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். கை நிற்கவில்லை, பக்கத்தில் இருந்த உங்களையும் அடித்துவிட்டேன். நீங்கள் அப்பாவோடு மனம் விட்டுப் பேசாமல் இருந்த வருடங்களில் நான் வாயைத் திறக்கவில்லை. மன்னியுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், சித்திரம் நம் குடும்பத்துக்கு ஒத்துவராது. மறவாமல் பிள்ளைக்குத் தொலைபேசியில் எடுத்து, பரீட்சையைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. சித்தாண்டியில் ஒரு தரம் செத்துவிட்டீர்கள், அந்தக் கண்டம் கழிந்தது. இனி நூறு வயதுக்குக் குறையாமல் நீங்கள் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்ளும்,

தம்பி,
இராசதுரை.

பின்குறிப்பு: கனடாவுக்குக் கடிதம் போய்ச்சேர மூன்று கிழமை ஆகும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் களஞ்சியத்தில் இருந்தவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஆகவே பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். விண்ணப்பப் படிவம் இத்துடன் இருக்கிறது. அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சுவரில் ஒட்ட வைத்துப் பென்சிலால் உரசி, படத்தைப் பிரதி எடுத்திருக்கிறேன். பிள்ளைதான் எப்படி உரசுவது என்று காட்டினாள். இடது பக்கம் அப்பா, வலது பக்கம் வாய் திறந்தவன் நான். நடுவில் வெறுமையாக இருப்பது பென்சில் பிழையில்லை. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பை ஒருவரும் தொடவில்லை. "அவ உயிரோட இரிக்கக்குள்ள அவட முகத்த நாம ஏன் சுரண்டுவான், அவ வரட்டும்" என்று இராசாத்தி அக்கா சிரட்டைகளை வாங்கி வைத்துவிட்டா. உங்களுக்கென்று ஒரு சிரட்டை என்னிடம் இருக்கிறது.