குதிரை நின்ற மனை

புறநகர் என்று ஒன்று இருந்தால் அதில் 'அந்தக்காலவாசி' ஒருவர் இருந்தே தீருவார். ஊரின் சரித்திரத்தைத் தாம் குடிவந்த நாளிலிருந்து எண்ணுகிற இனம் இது. அதற்கு முன்பு இருந்ததெல்லாம் இயற்கை. பின்பு வந்ததெல்லாம் நெரிசல்.

மெல்பர்னுக்கு மேற்கே, வாரிங்காவில் வசிக்கும் மெர்வ் டாட்ஸ்வெல் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவரிடம் மணி கேட்டுப் பாருங்கள். இப்போது பேரங்காடி நிற்கும் இடத்தில் பண்ணைக்காரர் பாஸ்கோவின் பசுக்கள் மேய்ந்ததையும், ரவுண்டானாவில் உருளைக்கிழங்கு விளைந்ததையும், அந்த நாளில் கதவைப் பூட்டாமலே தூங்கியதையும், பழத்தோட்ட வீதியில் இன்று ஒரு மரம்கூட இல்லாததையும் சொல்லிவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். நீங்கள் ரயிலைக் கோட்டை விட்டிருப்பீர்கள்.

"வீடா கட்டிக் கட்டியே ஊரைத் தின்னுட்டானுங்க!" என்பார். எங்கே நின்றுகொண்டு? தம் வீட்டு வாசற்படியில்.

அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. மகள் ரோவேனா நகரத்தின் மறுகோடியில் வாடகைக்கு இருக்கிறாள். பேரப்பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்குத்தான் பார்க்க முடிகிறது. மற்ற நாட்களில் அவருக்குத் துணை, எதிர்ப்புறம் மிஞ்சியிருந்த ஒரே மேய்ச்சல் நிலமும் அதில் நின்ற கிழட்டுக் குதிரையும்தான். அங்கேயும் வீட்டுமனை வரப்போகிறது என்று நகரசபை அறிவித்ததும் மனிதர் ஆடிப்போனார். அது நடிப்பில்லை. பாவம், சாப்பாடே இறங்கவில்லை.

ஆட்சேபம் சொல்ல டை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அந்த நாட்டுக் கூட்டங்களின் வழக்கப்படி, இந்த மண்ணின் ஆதிகுடிகளுக்கு மரியாதை செலுத்தித்தான் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். எல்லோரையும்விடத் தாழ்வாகத் தலை குனிந்தவர் மெர்வ்தான். நிமிர்ந்தார். எழுந்தார்.

"இந்த ஊருக்கு மொதல்ல வந்தவன் நான்! அந்த உரிமையில கேக்கறேன்..."

பின்வரிசையில் இருந்த ஆதிகுடிப் பெரியவர் மேவிஸுக்கு, ஊரே அத்தை என்று அழைக்கும் அந்த அம்மாளுக்கு, சிரிப்பில் புரையேறிவிட்டது.

"சொல்லு தம்பி, சொல்லு. நீ வந்து எறங்கினப்போ வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தோமே, அது யாருன்னு நெனச்ச?"

பாஸ்கோவின் மகள் பெவ் சும்மா இருப்பாளா?

"மெர்வ், உன் வீடே எங்கப்பாவோட உருளைக்கிழங்கு வயல்லதான் நிக்குது. அதை மனை போட்டப்போ, டவுன்காரனுங்க வந்து ஊரைக் கெடுத்துருவானுங்கன்னு எல்லாரும் சண்டைக்கு நின்னாங்க. அந்த டவுன்காரன் நீதாம்ப்பா!"

"அது வேற, பெவ். நாங்க அடக்கமா, மரியாதையா வந்தோம்."

அடுத்துப் பேச எழுந்தவளைப் பார்த்ததும் மெர்வின் வாய் திறந்தபடி நின்றது. ரோவேனா.

"அப்பா, அந்த எடத்துல ஒரு மனைக்கு நான் பேர் குடுத்திருக்கேன். வாராவாரம் போன் பண்ணி, புள்ளைங்களைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறேன்னு திட்டறீங்களே, குதிரை வேணுமா, பேரப்புள்ளைங்க வேணுமா? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

 மெர்வ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எந்த மனை?"

"உங்க வாசலுக்கு நேரா."

"அப்படியா? சரி, அது ஒண்ணை மட்டும் கட்டிக்கட்டும். அதுக்கப்புறம் ஒரு செங்கல் எறங்கக்கூடாது, சொல்லிட்டேன்!"

வீடு வந்தது. பேரப்பிள்ளைகள் தெருவைக் குறுக்கே கடந்து தாத்தா வீட்டில் பிஸ்கட் தின்கிறார்கள். பின்னால் அடுத்த கட்ட மனைகளுக்கு நிலம் அளக்க ஆட்கள் வந்தபோது முதலில் கூச்சல் போட்டது மெர்வ் அல்ல. ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட மாட்டி முடிக்காத ரோவேனா.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் உங்கள் தெருவில் லாரியிலிருந்து சாமான் இறக்கியதே ஒரு புதுக் குடும்பம், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன்பே, கையை நீட்டி, "அதோ தெரியுதே, அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தீர்களே, அது என்ன கதை?