மாஸ்கோவுக்கு ஒரு பிரதி

உலகத்திலேயே கைக்குழந்தைகளின் மூளையை ஆராய்ந்ததற்காகப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த ஒரே ஆள் எங்கள் கிலுகிலுப்பை சார்தான். இதில் போட்டிக்கு யாராவது வந்தால் பந்தயம் கட்ட நான் தயார்.

அப்போது நான் திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. அவர் தஞ்சாவூரில் டாக்டர் படிப்புக்குப் பாடம் நடத்துகிறவர். நடவுக் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு என் லாட்ஜ் அறைக்கு வந்துவிடுவார். கையில் ஒரு கிலுகிலுப்பை, தோளில் பெட்டி மாதிரி டேப் ரெக்கார்டர்.

நடவுப் பெண்கள் வரப்போர மரத்தில் தூளி கட்டிக் குழந்தைகளைப் போட்டிருப்பார்கள். வயலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, அத்தனை குரலில் தன் அம்மாவின் குரலைக் குழந்தையால் கண்டுபிடிக்க முடியுமா? இதுதான் அவர் ஆராய்ச்சி. தூளிக்குள் தலையை விட்டபடி நிற்பார். வெறும் சத்தத்துக்கே திரும்புகிறதா என்று பார்க்க ஆட்டும் கிலுகிலுப்பைக்குத் திரும்பினால் கணக்கில் சேராது. அம்மா குரலுக்குத் திரும்பிவிட்டாலோ, சேறென்றும் பாராமல் குதிப்பார்.

"திரும்பிட்டான்யா! மூளை வேலை செய்யுதுய்யா!"

"யாருக்கு சார்?" என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும்.

கழக ஆட்சி வந்த புதிது அது. கூலித் தகராறில் வயலுக்கு வயல் விவசாயச் சங்கத்தின் செங்கொடி ஏறியிருந்தது. மிராசுதார் இவரைச் சங்கத்து ஆள் என்றார். சங்கத்துக்காரர்கள் மிராசுதாரின் ஒற்றன் என்றார்கள். அவரை முழுசாக நம்பியவை குழந்தைகள் மட்டும்தான்.

ஒருவழியாகக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கட்டுரைக்கு மவுசு உண்டா இல்லையா என்பது தபால்காரருக்குத்தான் முதலில் தெரியும். படிக்க விரும்புகிறவர்கள் "ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று கார்டு போடுவார்கள். பத்திரிகை இனாமாகக் கொடுத்த ஒரு சிறு கட்டு அச்சுப் பிரதிகளிலிருந்து எழுதியவர் அனுப்ப வேண்டும். சாரின் துறைத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "வெளிநாட்டுல யாராவது படிச்சு, அவங்க கட்டுரையில உங்க பேரச் சொல்லணும். இல்லன்னா அடுத்த வருஷம் தூளி ஆட்ட லீவு கிடையாது."

சார் கொடுத்திருந்த என் லாட்ஜ் விலாசத்துக்கு முதல் கார்டு வந்ததும் லாட்ஜ் முழுக்க அல்வா. "கேக்குறாங்கய்யா! லண்டன்ல கேக்குறாங்க!" அடுத்து ப்ராக். இரண்டுக்கும் அன்றைக்கே பிரதி போயிற்று. அப்புறம் மாஸ்கோ. மாஸ்கோதான் வினை. செங்கொடி பறக்கிற ஊரில், தினமும் வயலுக்குப் போகிற மனிதருக்கு ரஷ்யாவிலிருந்து தபால் வந்தால் சும்மா விடுவார்களா? இன்ஸ்பெக்டர் கார்டுகளோடு சாரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"மாஸ்கோக்காரன் உங்ககிட்ட என்னத்தக் கேக்குறான்?"

"குழந்தை மூளைங்க."

"விளையாடுறீங்களா?"

சாருக்குப் பயமே இல்லை. அவர் கண்ணெல்லாம் கார்டுகள் மேல்தான். "ஈரக் கைய வைக்காதீங்க சார், அட்ரஸ் அழிஞ்சிடும்!"

சேதி வயலுக்குப் போய்விட்டது. பெண்கள் சேற்றுக் காலும் இடுப்புக் குழந்தையுமாக ஸ்டேஷனை நிறைத்தார்கள். முன்னால் நின்ற அஞ்சலை, தன் மகளைச் சாரின் மடியில் உட்கார வைத்துவிட்டுக் கையை நீட்டி ஆரம்பித்தாள்.

"எங்க புள்ளைங்க தலை திருப்புறத எழுதுனாரு. அதுக்கா புடிச்சு வச்சிருக்கீங்க?"

மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த இரைச்சலிலும் அஞ்சலை வாயைத் திறக்கும்போதெல்லாம் குழந்தை அவள் பக்கம் திரும்பியது. சார் குழந்தையோடு எழுந்து குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா!"

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஏம்மா, எல்லாரும் இன்னொரு தடவ சத்தம் போடுங்க!"

அப்புறம் எத்தனை தடவை போட்டார்களோ! கடைசியில் இன்ஸ்பெக்டரே கார்டுகளைத் துடைத்துக் கொடுத்துச் சாரை அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் அஞ்சலை கேட்டாள். "எம் புள்ளையப் பத்தி எழுதுனதுல எனக்கு ஒண்ணு கிடையாதா?"

"உங்களுக்கு இல்லாமயா!"

லாட்ஜ் வாசலில் பிரதிக் கட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். இன்ஸ்பெக்டர்கூட ஆள் விட்டு ஒன்று வாங்கிக்கொண்டார். மிஞ்சியது பென்சில் கிறுக்கலோடு சாரின் சொந்தப் பிரதி மட்டும்.

"மாஸ்கோவுக்கு?" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பிரதியை அவர் கையிலிருந்து பிடுங்கி, பேனாவில் மை ஊற்றி, நகல் எழுத உட்கார்ந்துவிட்டேன். மாஸ்கோவுக்குப் போனது அந்த நகல்தான். அடுத்த நடவுக்கு முன்னால் ஒரு மாஸ்கோ கட்டுரையின் அடிக்குறிப்பில் சார் பெயர் வந்தது. லீவும் வந்தது, கிலுகிலுப்பையும் வந்தது.

பட்டாவும் சிட்டாவும் எழுதியே தேய்ந்த கை என்னுடையது. அந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனாலும் அந்த மனுஷனுக்காக இன்னொரு தடவை எழுதச் சொன்னால், இந்த வயதிலும் இன்றைக்கே உட்காருவேன்.