பெரட்டுக்கு வராத பன்னிரண்டு கிரெடிட்

பத்து பெரண்டாம், மலாக்கா
12.6.1998

மதிப்பும் மரியாதையும் குறையாத மைத்துனர் கணேஸ்வரன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ஜெயமணியைக் கட்டிய நல்லமுத்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். மஸ்ஜித் தானாவில் நீங்களும் அக்காவும் கடையும் கடை லோரியும் சுகமாய் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போன் ஹாலில் இருக்கிறது. ஹாலில் உங்கள் தங்கை இருக்கிறாள். அவள் என்னோடு பேசி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் நான் பேசுவதை மட்டும் ஒன்று விடாமல் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன் மச்சான். உங்கள் மருமகள், என் மகள் தேவமலர் கம்ப்யூட்டர் படிக்க அமெரிக்கா போகிற ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். நாலு வருஷமும் அங்கேயே படிப்பதென்றால் இந்த வீட்டை விற்றாலும் காணாது. போன வருஷம் டாலருக்கு இரண்டரை வெள்ளி, இப்போது நாலு வெள்ளி. அதனால் முதல் இரண்டு வருஷப் பாடங்களை மலாக்கா டவுன் காலேஜிலேயே படிப்பது, அதை அமெரிக்கப் பல்கலைக்கழகம் அப்படியே ஏற்றுக்கொள்வது, மூன்றாம் வருஷத்துக்கு நேராகப் போய் உட்காருவது என்று முடிவு. பாடத்துக்கு மூன்று கிரெடிட். அறுபது சேர்ந்தால் ஆகஸ்டில் விமானம். கம்ப்யூட்டர் மட்டும் படித்தால் விடமாட்டார்களாம். பொதுக்கல்வி என்று சரித்திரம், சமூகவியல், மனோதத்துவம், பாட்டுக் கேட்பது எல்லாம் வேண்டுமாம். பாட்டுக் கேட்பதற்கு மூன்று கிரெடிட் என்றால் எங்கள் தமான் குடியிருப்பில் பாதிப் பேர் பட்டதாரிகள். சரி, அவன் ஊர்ச் சட்டம் அவனுக்கு, நமக்கென்ன என்று இருந்தேன்.

மார்ச் மாதம் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து சந்தோஷமாய்க் காட்டினாள், அறுபதும் சேர்ந்துவிட்டது என்று. நான் முப்பத்தொரு வருஷம் ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்குப்பிள்ளை. தாளைக் கொடுத்தால் என் கண் மொத்தத்துக்குப் போகாது, வரிசைக்குத்தான் போகும். வகுப்பில் படித்தது நாற்பத்தெட்டு. அதன் கீழே தனியாக ஒரு வரி, பரீட்சை மூலம் பன்னிரண்டு.

"இந்தப் பன்னிரண்டுக்கு எத்தனை நாள் கிளாசுக்குப் போன?" என்று கேட்டேன்.

"ஒரு நாளும் போகலைப்பா. நாலு பாடம் நானே படிச்சேன், கே.எல். போயி பரீட்சை எழுதினேன், பாஸ். அங்க உக்காந்து படிச்சா ஆயிரக்கணக்குல ஆகும். இது சீப்புலா."

மச்சான், நான் செய்த வேலை என்ன? விடிய ஐந்தரைக்குப் பெரட்டு. மணி அடித்ததும் ஆட்கள் வரிசையில் வந்து நிற்கவேண்டும், நான் செக்ரோலில் பேர் போடவேண்டும். பேர் விழுந்தால்தான் அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கு வந்ததாக அர்த்தம். பாதியில் போனால் அரைப்பேர். வராத ஆளுக்குப் பேர் போட்டு வேலை போன கிராணிகளை எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் போட்டதில்லை. இப்போது உங்கள் கடையில் லோரிக்குச் சாமான் ஏற்றுகிறாரே இருளாண்டி, அவரையே கேளுங்கள். எழுபத்துநாலில் ஒரு நாள் அவர் பெரட்டுக்கு வரவில்லை. காளியம்மாவுக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியைத் தேடிப் போய்விட்டார். அப்புறம் நேராகத் தன் மர நிரைக்குப் போய் அத்தனை மரத்தையும் சீவி, எல்லாரையும் போல வாளி நிறையப் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் வைத்தார். நான் பேர் போடவில்லை. "கிராணி ஐயா, பால் பொய் சொல்லுமா?" என்று கேட்டார். பால் பொய் சொல்லாது, ஆனால் பெரட்டு பெரட்டுதான் என்று சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே வராத வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் விழுந்திருக்கிறது என்றால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

ஆகையால் அன்றைக்கே டைப்ரைட்டரைத் துடைத்து எடுத்து, காலேஜ் பதிவாளருக்கு முறையாக ஒரு கடிதம் அடித்தேன். மேற்படி மாணவி மேற்படி வகுப்புகளுக்கு ஒரு நாளும் ஆஜராகவில்லை என்பதைத் தந்தை என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன், தக்க நடவடிக்கை எடுக்கவும். கார்பன் வைத்து அடிப்பது என் பழக்கம். கார்பன் வைத்தால் நகல் வரும், நகல் வந்தால் அதை எங்கேயாவது அனுப்பவேண்டும். ஒரு நகல் ஃபைலுக்கு. இன்னொன்று அமெரிக்காவுக்கு.

இரண்டு வாரத்தில் பதிவாளர் சாமிக்கண்ணு கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பையன், சின்ன வயசு, டை கட்டியிருந்தான். என் கடிதத்தை ஒரு கையிலும் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேக்சை மறு கையிலும் பிடித்துக்கொண்டு என்னையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அங்கிள், கம்ப்ளேன் பண்ணுற அப்பாங்களை நெறைய பாத்திருக்கேன். சொந்தப் பிள்ளை மேலயே பண்ணுனவரு நீங்கதான். இதுல யாரும் ஏமாத்தலை அங்கிள். தெரிஞ்சதைப் பரீட்சையில காட்டுனா கிரெடிட்டு. எங்க படிச்சாங்க, எப்பிடி படிச்சாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்களா? அப்ப கிராணி எதுக்கு?" என்றேன். அவன் ஃபேக்சை என் பக்கம் நகர்த்தினான்.

ஃபேக்சில் இருந்தது இதுதான். புகார் தீரும்வரை பன்னிரண்டு கிரெடிட்டும் நிறுத்திவைக்கப்படுகிறது. புகார் கொடுத்தவரே ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெறவேண்டும். இல்லாவிட்டால் நாற்பத்தெட்டுதான், இந்த வருஷம் இடம் இல்லை. அடுத்த வருஷம் டாலர் எங்கே நிற்குமோ, அது ஆண்டவனுக்கே தெரியாது. சாமிக்கண்ணு பேனாவை நீட்டினான். நான் வாங்கவில்லை. அதைக் கேள்விப்பட்ட நிமிஷத்திலிருந்துதான் உங்கள் தங்கை பேசுவதில்லை.

திரும்பி வரும்போது காடியில் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. "அப்பா, அது சும்மா பரீட்சைன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள்.

"கிளாசுக்கே போகாம பாஸ் பண்ணலாம்னா நான்கூடத்தான் பாஸ் பண்ணுவேன்."

"அப்ப எழுதுங்க. மே மாசம் மனோதத்துவம் இருக்கு. நீங்க பாஸ் பண்ணிட்டா அது சும்மா பரீட்சைதான், நான் பன்னிரண்டையும் விட்டுட்டு கிளாஸ்ல உக்காந்து படிக்கிறேன். பெயிலாயிட்டா நீங்க கையெழுத்துப் போடணும். ஓகேவா?"

ஓகே என்றேன். அறுபத்தோரு வயசில் புத்தி அப்படிப் போயிற்று.

நான் படிக்கவில்லை மச்சான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனோதத்துவப் புத்தகம் டீவி மேலே கிடந்தது, அதைச் சும்மா புரட்டிப் பார்த்தேன். வீட்டில் புரட்டினால் பார்ப்பார்களே என்று முழங்காலுக்கு நடை என்று சொல்லிவிட்டு எங்கள் விமான நிலையத்துக்குப் போய்ப் புரட்டினேன். அங்கே நாளைக்கு ஒன்றோ இரண்டோ விமானம்தான் வரும், காற்றாடி நன்றாகச் சுற்றும், பெஞ்சும் உண்டு. காவலுக்கு நிற்கிற மலாய்க்காரர் முதல் வாரம் எந்த விமானம் என்று கேட்டார். இரண்டாம் வாரம் யாரை வழியனுப்ப வந்தீர்கள் என்றார். மூன்றாம் வாரத்திலிருந்து எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிவந்தார். எட்டு வாரம் புரட்டினேன். மறந்துபோகாமல் இருக்க அங்கங்கே குறித்துவைத்ததில் மூன்று நோட்டுப் புத்தகம் முடிந்தது, அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தில் நம் தோட்டமே இருக்கிறது. ஒரு ரஷ்யக்காரர் நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்தாராம், அப்புறம் சோறு இல்லாமல் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். இதைக் கண்டுபிடிக்க ரஷ்யா எதற்கு? நான் ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் கோயில் மணி அடித்தால் என் கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடுகிறது. இன்னொரு இடத்தில் எலிகளைப் பற்றி வருகிறது. வளைந்து வளைந்து போகிற பெட்டியில் எலியை விட்டு, தின்ன ஒன்றும் வைக்காமல் சும்மா சுற்றவிட்டார்களாம். பத்து நாள் கழித்துத் தீனி வைத்ததும் அது ஒரே ஓட்டமாய்ச் சரியான வழியில் போய் நின்றதாம். அதாவது யாரும் பேர் போடாத நாளிலும் அது கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு தடவை படித்தும் பிடிக்கவில்லை.

பரீட்சை கோலாலம்பூரில், மே பதினாறு. முதல் பஸ் பிடித்துப் போனேன். வாசலில் ஒரு சீனப் பெண், "அங்கிள், பெற்றோர் வெளியில உட்காரணும்" என்று ஆங்கிலத்தில் நாற்காலியைக் காட்டினாள். நானே எழுத வந்தவன் என்று நிரூபிக்க அடையாள அட்டை, ரசீது, முழங்கால் வைத்தியர் சீட்டு எல்லாம் எடுத்துக் காட்டவேண்டியதாயிற்று. உள்ளே எல்லாம் பிள்ளைகள். என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து வணக்கம் சொல்லி, விடைத்தாள் எப்போது கொடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டான். அதைவிடக் கொடுமை, பேர் கூப்பிடவே இல்லை மச்சான். மணி ஆனது, தாளைக் கொடுத்தார்கள், எழுதச் சொல்லிவிட்டார்கள். நான் கையைத் தூக்கி, "பேர் கூப்பிடலையே" என்றேன். "உங்க பேரு தாள்லயே இருக்கே" என்றாள் அந்தப் பெண். ஒன்றரை மணி நேரம், கேள்விக்கு ஐந்து விடை, சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்கவேண்டும். செக்ரோல் போட்ட கை, ஒரு கோடு வெளியே போகவில்லை. எலியும் வந்தது.

நான் பாஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே அது சும்மா பரீட்சை என்பது தீர்ந்தது. பிள்ளை மனசு உடைந்துபோகும், அதனால் ரிசல்ட் வருமுன்னே தாய்மாமனான நீங்கள் வரும் இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து நல்லவிதமாக எடுத்துச் சொல்லி, அமெரிக்காவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்து, வகுப்பில் ஒழுங்காக உட்காரச் சம்மதிக்க வைக்கவேண்டும். அப்படியே உங்கள் தங்கையிடமும் என் சார்பில் நாலு வார்த்தை. அவள் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஜூன் மாதத் தாள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கம். கடைப் பையன்களுக்கு ஆசிகள். குலதெய்வம் உங்கள் குடும்பத்தைக் கண்ணாகக் காக்கட்டும், லோரிக்கு ரோட் டாக்ஸ் எடுக்க மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் நியாயத்தின் பக்கம் நிற்கும்
நல்லமுத்து (ஓய்வுபெற்ற கிராணி)

பி.கு. 18.6.98. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடவும். ஆறு நாளாக இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். நேற்றுக் காலை தபால்காரர் ரிசல்டைக் கொடுத்தார். பாஸ் மச்சான். நல்ல பாஸ். எனக்கு மூன்று கிரெடிட். பிள்ளை தாளை வாங்கிப் பார்த்தாள். "ஜெயிச்சிட்டீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, காலேஜுக்கு எழுத வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். பேனா மூடியைத் திறந்த சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை. போய் அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டு மூன்று நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்து, "சும்மா பாஸ் பண்ணலை. எட்டு வாரம் படிச்சேன், ஏர்போர்ட்டுல உக்காந்து" என்றேன்.

"தெரியும்பா. புத்தகத்தை டீவி மேல வச்சது நாந்தான்."

"தெரிஞ்சும் ஏன் வாயத் தெறக்கல? நான் சொல்லாமப் போயிருந்தா?"

"நீங்க சொல்லுவீங்கப்பா. பொய்ப் பேரு போடுற ஆளா நீங்க?"

மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுதுவதற்கு வெட்கமாக இல்லை. உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து, "பசியாற வாங்க" என்றாள். பசியாறிவிட்டு நேராகக் காலேஜுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன், கார்பன் வைக்கவில்லை. அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ் போய்விட்டது. ஆகஸ்டில் வழியனுப்ப லோரியில் அல்ல, காடியில் வரவும். எனக்கு இன்னும் ஐம்பத்தேழு கிரெடிட் பாக்கி. அடுத்து சமூகவியல், ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து தொந்தரவு செய்யவேண்டாம்.

இருளாண்டியிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லுங்கள். பெரட்டில் நான் பேர் குறித்த எழுபத்துநாலாம் வருஷத்துப் பாக்கெட் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காளியம்மா பிரசவித்த அந்தத் தேதிக்கு நேரே இருந்த வெற்றுக் கட்டத்தில் நேற்றுச் சாயங்காலம் பரீட்சைப் பென்சிலால் பேர் போட்டுவிட்டேன். அரைப்பேர் இல்லை, முழுப்பேர்.