மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரின் ஓட்ட வைத்தியம்

கள்ளக்குறிச்சியில் நாய் வளர்த்துவிட்டு, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் திட்டு வாங்காதவர் அந்தக் காலத்தில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. நான் வாங்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர் பூனை வளர்த்திருப்பார். ஊசி போடுவது டாக்டர் வேலை, திட்டுவது கம்பவுண்டர் இலாகா என்று அங்கே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்குத் தெரியாது.

ஆடு, மாடு, கோழி எதுவானாலும் மருந்து கொடுத்துப் பக்குவமாகப் பேசி அனுப்புவார். நாய் கண்டதையும் கடித்துக் குதறுகிறது என்று யாராவது வந்தால் மட்டும் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, கடிபட்ட மூன்று ஜோடிச் செருப்பைப் பையில் போட்டு எடுத்து வந்தார்.

"காலையில கட்டுனா எப்பங்க அவுப்பீங்க?"

"நைட்டுதான் அவுப்போம்."

"உங்கள அப்பிடிக் கட்டிப் போட்டா இன்னாங்க பண்ணுவீங்க?"

அந்த அம்மாள் செருப்புப் பையை மூடிக்கொண்டார். கம்பவுண்டர் சீட்டை எடுத்து எழுதினார்: 'நாய்க்கு: ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு: காலை இரண்டு மைல், மாலை இரண்டு மைல், நாயுடன்.' சீட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாரி ஜீப்பில் பாய்ந்து வந்தார். "ஓடுங்க சார். நாய்க்கும் நல்லது, தொந்திக்கும் நல்லது" என்று கம்பவுண்டர் அவரிடமும் அதையே சொன்னார். அதிகாரி ஒரு மாதம் ஓடினார். செருப்பு கடிபடுவது நின்றது. ஆனால் கம்பவுண்டரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

மாட்டுக் குளம்பு சீவும்போது விழும் துண்டுகளை அவர் சட்டைப் பையில் சேர்த்து வைத்திருப்பார். டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம். நாய் எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்கக்கூடாது, துரத்தக்கூடாது, குளம்புத் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பார். கடித்து முடித்த பிறகு அடித்தால், எதற்கு அடி என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். எல்லாம் சரிதான். கேட்கிற குரல்தான் ஊரைக் கூட்டிவிடும்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு ரைஸ் மில் வளாகத்துக்குள் வாடகை அறையில் இருந்தேன். மில்காரர் சாமை வாங்கக் கல்வராயன் மலைக்குப் போனவர், அங்கே ஒரு குடும்பத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு செவலை நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். விடிய விடியச் சாமைக் கொல்லையில் காட்டுப் பன்றியை விரட்டிய நாய் அது. இங்கே மெஷின் கொட்டகை ஓரம் நாலடிச் சங்கிலியில் கட்டினார்கள். அது முதல் வாரம் கட்டில் காலைத் தின்றது. பிறகு சைக்கிள் சீட்டு, சாக்குக் கட்டு, கணக்குப்பிள்ளையின் குடை. கடைசியில் மெஷினை ஓட்டும் தோல் பெல்ட்டுக்கு வந்தது. பெல்ட் வழுக்காமல் இருக்க ஆட்கள் அதன்மேல் கொழுப்புத் தடவுவார்கள். தடவிவிட்டு அந்தப் பெல்ட்டை நாய்க்குப் பக்கத்திலேயே சுருட்டியும் வைத்தார்கள். சேலத்திலிருந்து புதுப் பெல்ட் வருகிறவரை மில் ஓடவில்லை.

கம்பவுண்டர் வந்து பார்த்தார். கடிக்கிற சாமானில் வேப்பெண்ணெய் தடவுங்கள், கசப்புக்கு வாய் வைக்காது என்று சொன்னார். அவர் சொன்னது கட்டில் காலுக்கு. நம் ஆட்கள் எதையும் குறைவாகச் செய்கிறவர்கள் இல்லையே! புதுப் பெல்ட்டுக்கும் உள்ளும் புறமும் குளிரக் குளிரத் தடவிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் பெல்ட் வழுக்கிக்கொண்டு பறந்து சுவரில் அறைந்தது. மில்காரர் தவிட்டுக் குவியலுக்குள் குப்புற விழுந்து தப்பித்தார். எழுந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்.

"இந்த நாயும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். ஊசியப் போட்டு முடிச்சிடுய்யா!"

"ஒரு நாளு டைம் குடுங்க மொதலாளி" என்றார் கம்பவுண்டர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு சங்கிலியைத் தன் கணுக்காலில் மாட்டிப் பூட்டிக்கொண்டு, சாவியை மில்காரரிடம் கொடுத்தார். களத்தில் நெல் காய வைக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சிரித்தார்கள். பத்து மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்குத் தரையில் கோடு கிழித்தார். மூன்று மணிக்கு மில்காரர் வந்து பார்த்தால், ஒரு முழுச் சாக்கு நூல் நூலாகக் கிடந்தது.

"பாத்தியா, மறுபடியும் பிச்சிருக்குது!"

"அது தூங்கிக்கினு கீதுங்க. இத்தப் பிச்சது நானு."

மில்காரர் வெகுநேரம் சாக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெனம் காலையில நானே வந்து ஓட்டறேன். இனிமே பெல்ட்டக் கடிச்சா நீங்க சொல்றபடி செய்றேன்" என்றார் கம்பவுண்டர். ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் மில்காரர்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சைக்கிளும் ஒரு செவலை நாயும் கரும்புக்கொல்லை வரை போய் வந்தன. செவலை திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு குளம்புத் துண்டைக் கடித்தபடி படுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் பெல்ட் பக்கமே திரும்பவில்லை.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் ஊர் ஊராக இல்லை. சாலையில் நூறு வருஷத்துப் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, மில்லுக்கு நெல் இல்லை. இந்த ஊரில் ஒருவர் போய்விட்டார், அந்த ஊரில் இரண்டு பேர் என்று செய்தி வரும். எதிர்வீட்டுக்காரரிடம் பேசக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

கம்பவுண்டர் மட்டும் ஊர்க்கோடியிலிருந்து, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி, நடந்தே வந்தார். நெல் இல்லாமல் வெறிச்சென்று கிடந்த களத்தில் செவலையோடு நாற்பது சுற்று ஓடுவார். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த நாட்களில் வேறு சிரிப்பு இல்லை. மூன்றாம் நாள் போகும்போது என் அறை வாசலில் நின்றார்.

"சாரு, நாளைக்கு நான் வர முடியாமப் போச்சுன்னா நீ ஓட்டு. ரோட்டுக்குலாம் போவாத. களத்துலயே நாப்பது ரவுண்டு. ஒரு ரவுண்டு கம்மியாவக் கூடாது."

"சரிங்க" என்றேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் ஓட்டவும் இல்லை. பயந்துபோய் இருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் களத்தில் என்ன பயம்? குமாஸ்தா நாயோடு ஓடுவதைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். அதற்காக இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டேன். செவலை காலை முழுக்க என் கதவைப் பார்த்துக் குரைத்தது.

அவர் வராத மூன்றாம் நாள் விடியுமுன்பே அது கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போய்ப் பெல்ட்டைத் துண்டு துண்டாக்கியது. சாலை எப்போது திறக்கும், சேலத்துப் பெல்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மில்காரர் டாக்டருக்குக் காத்திருக்கவில்லை. கறித்துண்டில் பூச்சிமருந்தைக் கலந்து தானே வைத்தார். பிறகு மனசு கேட்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாலை திறந்து பல நாள் கழித்துக் கம்பவுண்டர் கட்டுப் போட்ட காலோடு, இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வந்தார். அவர் வராமல் போன முதல் நாள் விடியற்காலை மில்லுக்கு வரும் வழியில் ஓடுகிற கூட்டத்துக்கும் துரத்துகிற கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாராம். யார் அடித்தார்கள் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. மெஷின் கொட்டகை ஓரம் கிடந்த வெறும் சங்கிலியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஓட்டுனியா சாரு?"

"ஓட்டினேங்க. ரெண்டு நாளும்."

"நாப்பது ரவுண்டா?"

"நாப்பதுங்க."

ஓடிய நாய் பெல்ட்டைக் கடிக்காது. இருபது வருஷமாக அதிகாரி, ஏழை என்று பாராமல் சண்டை போட்டு அவர் நிலைநாட்டிய சாஸ்திரம் அது. அதை எடுத்து என் முகத்தில் அடித்திருந்தால் என்னால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. அவர் என் முகத்தையே பார்த்தார். அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்கும்.

"அப்பொ வுடு சாரு. ஓடனாலும் சில நாயி கடிக்கத்தான் கடிக்கும்" என்றார்.

அந்த வாய் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதை எனக்காகச் சொன்னார். அப்படிப்பட்ட மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.