கால் கழுவிய தண்ணீரைக் கொட்டியது யார்?

இளம் தகப்பன்மார் சீஷத்துவ வகுப்பை நடத்தும் அண்ணன் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். அங்கே நீங்களும், எங்களைவிட அதிக நேரம் என் மகனைப் பார்க்கும் பாக்கியம் பெற்ற உங்கள் வகுப்பார் அனைவரும் நலமாயிருக்க ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. சபையில் சின்னவர் பெரியவர் எல்லோரும் உங்களை அண்ணன் என்கிறார்கள். எனக்கு அறுபத்தாறு ஆகிறது, நானும் அண்ணன் என்று கூப்பிட்டால் எனக்குப் பல் கட்டிய டாக்டரே சிரிப்பார். அதனால் தம்பி என்று எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய 'இல்லத்தார் சாட்சிப் படிவம்' கிடைத்தது. வகுப்பில் புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு என் மகனைத் தலைவனாக வைக்கப் போவதாகவும், அதற்குமுன் வீட்டிலுள்ள ஒருவர் அவனுக்குக் காட்டாமல் இதை உண்மையாக நிரப்பி ஒட்டி அனுப்ப வேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் 'ஆம்' வந்தால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவன் தலைமேல் கைவைத்து ஜெபிப்பீர்கள் என்றும் அதிலேயே அச்சடித்திருக்கிறது. இதை நிரப்ப வேண்டியவள் என் மருமகள். பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை, யார் பெயரையும் ஓர் எழுத்து பிசகாமல் எழுதுவாள். அவளே படிவத்தைப் படித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டிவிட்டாள். "நான் எழுதினா ஒண்ணு பொய்யா இருக்கும், இல்லாட்டி சண்டையா இருக்கும். நீங்களே எழுதுங்க அத்தை" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் 'ஆம்', 'இல்லை' இரண்டையும் அதற்குள்ளேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்ன, உங்கள் கட்டம் விரல் நகம் அளவுதான் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியது அதில் அடங்கவில்லை. அதனால் இந்தத் தனித்தாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகனைப் பற்றி எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் எழுதுகிறான், சபையில் பாதிப் பேர் பாட்டுப் புத்தகம் படிப்பது அவன் கொடுத்த கண்ணாடியில்தான். சம்பந்தி அம்மாவின் மூத்த பையன் சபையில் கீபோர்டு வாசிக்கிறான், அதை அந்த அம்மா நாலு வருடமாக என்னிடம் வாசித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் படிவம் வந்த அன்றைக்கே அவருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்து முன்வரிசையில உக்காருங்க, ஒரு விசேஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கேள்விகளைப் படித்தேன்.

'அதிகாலையில் தேவசமூகத்தில் காத்திருக்கிறாரா?' என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்கிறான். மருமகள் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள், இவன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். ஐந்தரைக்குப் பேத்தி எழுந்துவிடுவாள். மூன்றரை வயது, குட்டி என்போம். அவசரமாக வந்து கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து, "அப்பா ஜெபத்துல இருக்கேன், பாட்டிகிட்ட போடா செல்லம்" என்று குரல் வரும். பாட்டிக்கு முட்டி மடங்கி நிமிர இரண்டு நிமிடம் ஆகும். நான் போய்ச் சேருவதற்குள் வந்த காரியம் கால்மிதியிலேயே முடிந்திருக்கும். போன வாரம் மட்டும் மூன்று கால்மிதி. பிறகு இவன் வெளியே வந்து, அந்த ஈரத்தை ஒரே எட்டில் தாண்டி, முகமெல்லாம் பிரகாசமாக, "இன்னிக்கு நல்லா ஜெபிச்சேம்மா" என்பான். நானும்தான் அங்கே குனிந்து துடைத்துக்கொண்டே ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று அவன் கேட்காதது அவன் அதிர்ஷ்டம்.

அடுத்தது 'மனைவிக்கு ஊழியம் செய்கிறாரா?' இதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது, போன மாதம் பெரிய திரையில் போட்டுக் காட்டினீர்களாமே. ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவியதுபோல ஒவ்வொரு தகப்பனும் மனைவியின் காலைக் கழுவிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நீங்கள் வீட்டுப்பாடம் கொடுத்த கதையைத்தான் சொல்கிறேன். அன்று இவனுடைய கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. மருமகள் மதியம் இரண்டு மணிக்கு வந்தாள், எட்டு மணி நேரம் நின்ற கால், செருப்பு வார் அழுந்திய இடம் பள்ளமாகவே இருந்தது. படுக்கப் போனவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். நடுக்கூடத்தில் குட்டி குளிக்கும் நீலத் தொட்டி, அது நிறையக் குழாய்த் தண்ணீர், இவன் இடுப்பில் என் நல்ல துண்டு. பொய் சொல்லக் கூடாது தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போனை என் கையில் கொடுத்தான். "கொஞ்சம் பின்னால போங்கம்மா. வெளிச்சம் போதல. ஏய், நீ கொஞ்சம் சந்தோஷமா பாரு" என்றான். "தண்ணி சில்லுனு இருக்குங்க" என்றாள் அவள். "ரெண்டே நிமிஷம், அசையாத" என்றான். முதல் படத்தில் என் விரல் விழுந்தது. இரண்டாவதில் இவன் தலை இல்லை. மூன்றாவது எடுக்கும்போது குட்டி பொம்மையோடு வந்து தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நாலாவது எடுத்தோம், பிரமாதமாக வந்தது. அதில் என் மருமகள் கண்ணை மூடிப் பரவசத்தில் இருப்பதாகச் சொல்லி வகுப்பே கைதட்டியதாம். தம்பி, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். படம் போன கையோடு உங்கள் போன் வந்தது. "வந்துட்டேன் அண்ணே, வந்துட்டேன்" என்று துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டுக் கிளம்பிவிட்டான். தொட்டி நடுக்கூடத்தில். சிந்திக் கிடந்த தண்ணீரில் நான் வழுக்கியபோது கதவின் கைப்பிடியைப் பிடித்தேன், கைப்பிடி என்னோடு வந்துவிட்டது. மருமகள் விழித்து எழுந்து, அந்த ஈரக்காலோடேயே தொட்டியை இழுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டி, கூடத்தைத் துடைத்து, குட்டிக்கு உடை மாற்றி, என் முட்டிக்குத் தைலமும் தேய்த்துவிட்டாள். எல்லாம் முடிந்தபோது அவள் கால் முன்னைவிட அழுக்காக இருந்தது. கால் கழுவிய தண்ணீரைக் கொட்டியது யார் என்ற கேள்வி உங்கள் படிவத்தில் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

'பிள்ளைகளோடு நேரம் செலவிடுகிறாரா?' என்ற கேள்விக்குக் குட்டியே பதில் சொல்லிவிட்டாள். அவளாகக் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு இருக்கிறது, 'அப்பா விளையாட்டு' என்று பெயர். என் கைப்பையைத் தோளில் மாட்டி, பழைய டைரி ஒன்றை அக்குளில் இடுக்கி, டிவி ரிமோட்டைக் காதில் வைத்து, "வந்துட்டேன் அண்ணே, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவ்வளவுதான் விளையாட்டு. முதல்தடவை வயிறு வலிக்கச் சிரித்து, எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சும்மா இருக்கக் கூடாதா, "அப்பா எப்ப குட்டி திரும்பி வருவாரு?" என்று கேட்டுவிட்டாள். "அப்பா வரும்போது நான் தூங்கிடுவேன்ல? அதோட விளையாட்டு முடிஞ்சிடுச்சு" என்றது குழந்தை. எதிர்வீட்டுக்காரி, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று கதவைத் திறந்துகொண்டு போனாள். அந்த வாரம் மூன்று நாள் என் மகன் வேறொரு சபையில் 'பிள்ளைகளின் இதயத்தைச் சம்பாதிப்பது எப்படி' என்று பேசிக்கொண்டிருந்தான். நன்றாகப் பேசினான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பழி முழுவதையும் உங்கள்மேல் போடவில்லை. அவன் கிளம்பும்போதெல்லாம், "போயிட்டு வாப்பா, கர்த்தருடைய வேலை" என்று சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்தான். மேடையில் அவன் கசங்கிய சட்டையோடு நின்றால் சம்பந்தி அம்மா பார்ப்பாரே. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆண்டவர் கூப்பிட்டதும் மீனவர் வலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனதை அழகாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதே ஆண்டவர் அந்த மீனவர் வீட்டுக்குள்ளேயும் போய், காய்ச்சலில் கிடந்த மாமியாரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாரே, அதை எந்தப் புதன்கிழமை வகுப்பில் எடுப்பீர்கள்? தெரிந்தால் முட்டி வலியோடு நானும் வருவேன்.

ஆகவே தம்பி, எல்லாக் கட்டத்திலும் பேனாவால் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். முன்வரிசையில் உட்காரப் போகும் சம்பந்தி அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது என் பாடு. கர்த்தர் உங்களையும், உங்களை எப்போதாவது பார்க்கும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் சேராமலேயே அதன் வீட்டுப்பாடம் எல்லாம் செய்துவரும்,
அவனுடைய அம்மா

பி.கு.: ஒட்டுவதற்குப் பசை தேடிப் போனேன் தம்பி. அதற்குள் குட்டி இந்தக் கடிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா விளையாட்டு விளையாடி, நேரே கொண்டுபோய் அவனிடமே கொடுத்துவிட்டாள். அவன் நின்றபடியே கடைசிவரை படித்தான். நான் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். "இப்படியாம்மா எழுதுவீங்க?" என்றான். "உண்மையா எழுதணும்னு போட்டிருந்துச்சுடா." "தாளெல்லாம் எழுத்துப்பிழை." "அஞ்சாம் கிளாஸ்டா, அவ்வளவுதான் வரும்" என்றேன். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. "இன்னிக்கு வரல அண்ணே. ஞாயித்துக்கிழமை மேடையும் வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும்" என்று அவன் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டிருக்குமே, அது குட்டி. "வந்துட்டேன்னு சொல்லணும்ப்பா, நீ தப்பா விளையாடுற!" என்று காலை உதைத்து அழுதாள்.

கடைக்கு விடுமுறையானதால் வீட்டிலேயே இருந்தவன், மதியம் மருமகள் வந்ததும் மறுபடி நீலத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இப்ப யாருக்குப் படம்?" என்றாள் அவள். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டான். இந்தத் தடவை வெந்நீர். கழுவி முடித்துத் தொட்டியை அவனே தூக்கிக்கொண்டு போனான், பாதித் தண்ணீரை வழியெல்லாம் சிந்தி, அதை என் நல்ல துண்டாலேயே துடைத்தான். படம் எடுக்கவில்லை, ஆதாரம் கேட்காதீர்கள்.

அதனால் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'க்கு மேலே 'ஆம்' போட்டிருக்கிறேன். ஒரே ஒரு உதவி, ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து, "இந்தத் தம்பியைக் கூப்பிட்டோம், தாழ்மையினால் வேண்டாம் என்றுவிட்டார்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், சம்பந்தி அம்மாவுக்கு இடது காது மந்தம். மற்றபடி, 'இல்லை' பேனாவில் இருக்கிறது, 'ஆம்' பென்சிலில்தான் இருக்கிறது. வருகிற புதன்கிழமை உங்கள் வகுப்பில் அவன் தலை தெரிந்தால் 'ஆம்' எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ரப்பர் உறைக்குள் வைத்திருக்கிறேன்.