அர்த்தம் இல்லாமல் படுத்தவர்

"ஏங்க, மணி எட்டாச்சு. கிடங்குல லாரி வந்து நிக்கும். எழுந்திருங்க."

"எதுக்கு?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் மூட்டைக்காரர் மனைவியிடம் இப்படிக் கேட்டதே இல்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டும் போயிருக்கிறார். ஒரு நாள் லீவு கிடையாது. இன்றைக்குப் பாயில் மல்லாந்து படுத்து, மகளின் கல்லூரிப் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்தார். ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவர். அச்சில் வந்ததெல்லாம் அவருக்குச் சத்தியம்.

"வாழ்க்கைக்கு அர்த்தம்னு ஒண்ணு கிடையாதாம். போட்டிருக்கான். யோசிச்சுப் பாரு. மூட்டையை உள்ள வெக்கிறேன். மறுவாரம் அதையே வெளிய தூக்கிட்டு வந்து ஏத்துறேன். எதுக்கு?"

"சாப்பிட்டா மறுபடியும்தான் பசிக்குது. அதுக்காக நான் அடுப்பை அணைச்சிட்டேனா?"

"நல்ல கேள்வி," என்று பக்கத்தைப் புரட்டித் தேடினார். "இதுல பதில் இல்ல."

மூன்றாம் நாள் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது முன்பாதி! அர்த்தம் இல்லேன்னாலும் சிரிச்சுக்கிட்டே வாழலாம்னு சொல்றவங்க, அர்த்தத்தை நாமதான் உண்டாக்கணும்னு சண்டைக்கு வர்றவங்க, எல்லாரும் பின்பாதியில இருக்காங்க."

புரட்டினால் அட்டைதான் இருந்தது. பின்பாதியை யாரோ கிழித்திருந்தார்கள்.

"பதில் ஒழுங்கா இருந்தா எதுக்குக் கிழிக்கிறான்?" என்று அவர் இன்னும் அழுத்திப் படுத்தார்.

"நானே சொல்றேன்பா."

"நீ சொன்னா வாய்ப்பேச்சு. இது அச்சு."

ஐந்தாம் நாள் கிடங்கு மேஸ்திரி வந்தார். "அண்ணே, உங்க இடத்துக்கு வேற ஆள் போடப் போறாங்க."

மூட்டைக்காரர் எழுத்துக் கூட்டி நாலு வரி வாசித்துக் காட்டினார். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நியாயமாத்தான் இருக்கு. படுங்கண்ணே."

"கூட்டிட்டுப் போக வந்தவரையும் கெடுத்தாச்சா!" மனைவி டீ டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

எட்டாம் நாள் அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இல்லாட்டியும் மூட்டை போய்க்கிட்டுத்தான் இருக்கும்."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். கண் நிறைந்துவிட்டது. "மூட்டைக்கு நீங்க வேண்டாம். எனக்கு வேணும்."

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் அவன் எழுதியிருக்கலாம்."

பதினோராம் நாள் காலை தானாகவே எழுந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். இடுப்பு சொன்னபடி கேட்டது. "அர்த்தம் இல்லேன்னா என்ன, போயிட்டு வர்றேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அழைத்துப் போக வந்த மேஸ்திரி, குளியலறைக் கதவு சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து, மனைவியிடம் குசுகுசுத்தார்:

"அண்ணி, அண்ணன் இடுப்புக்கு டாக்டர் சொன்ன பத்து நாள் படுக்கை முடிஞ்சுது. நீங்க கிழிச்சுக் குடுத்த பின்பாதி, இந்தாங்க."